கோழிக் கொட்டகைகளில் மின்சார விளக்குச் செலவு

முட்டைக் கோழி வளர்ப்போருக்குத் தீவனச் செலவே முதற் செலவு. மின்சாரத்திற்கு ஆகும் தொகை அதற்கு ஒப்பிடச் சிறியதே என்பதனால் பண்ணைக்காரர்களிற் பெரும்பாலோர் அதைத் தனியே எழுதிப் பார்ப்பதில்லை. ஆனால் தீவனத்தின் விலை சந்தையின் கையில் இருக்கிறது. விளக்கின் செலவோ முழுவதும் பண்ணைக்காரர் கையிலேயே இருக்கிறது. ஒரு நாள் மாலை ஒருமணி நேரம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் குறைக்கக்கூடிய செலவு பண்ணையில் இதைப்போல் வேறொன்று இருப்பது அரிது. நாமக்கல் சீமையில் உள்ளவை போன்ற பெரிய கொட்டகைகளை மனத்திற் கொண்டு அந்தக் கணக்கு இங்கே விவரிக்கப்படுகிறது. இருநூறு முந்நூறு கோழிகள் வைத்திருக்கும் குடியானவருக்கும் கணக்கின் முறை ஒன்றே.

முதலில், கோழிக்கு விளக்கு எதற்காக என்பதைத் தெரிந்துகொள்ளவேண்டும். இருட்டில் தீவனம் தின்பதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மையே. பறவைகள் முட்டையிடும் பருவத்தைப் பகற்பொழுதின் நீளத்தைக் கொண்டே அறிகின்றன. வெளிச்சம் கண்ணின் வழியாக மட்டுமல்லாமல் மண்டையோட்டையும் ஊடுருவி மூளையின் அடிப்பாகத்தைத் தொடுகிறது. 1930-க்குப் பின் வந்த வருஷங்களில் ழாக் பென்வா என்னும் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் வாத்துக்களை வைத்து இதைக் காட்டினார். வெளிச்சத்தால் தூண்டப்பட்ட மூளையின் அப்பாகம் சினைப்பையை வேலைசெய்யும்படி ஏவும் சுரப்புகளை வெளிவிடச் செய்கிறது. பகல் நீளும்போது முட்டை பெருகுகிறது. பகல் குறுகும்போது கோழி இறகுதிர்த்து ஓய்வுகொள்ள முற்படுகிறது.

முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும் என்பது அனுபவத்திலும் ஆராய்ச்சியிலும் நிலைபெற்ற விதி. நாமக்கல்லில் டிசம்பர் மாதக் கடைசியில் சூரியன் ஏறக்குறையக் காலை 6-30 மணிக்கு உதித்து மாலை 6 மணிக்கு அஸ்தமிக்கிறது. ஜூன் மாதத்தில் காலை 6 மணிக்கு உதித்து மாலை 6-40-க்கு அஸ்தமிக்கிறது. ஆகவே காலை 4 மணி முதல் இரவு 8 மணி வரையில் கொட்டகையில் வெளிச்சம் இருக்கவேண்டுமென்று வைத்துக்கொண்டால், டிசம்பரில் நாலரை மணி நேரமும், ஜூனில் மூன்றேகால் மணிக்குச் சிறிது அதிகமாகவும் விளக்கு எரியவேண்டும். வருஷம் முழுவதற்கும் சராசரி நாள் ஒன்றுக்கு 4 மணி நேரம் என்று கொள்ளலாம். அதாவது வருஷத்துக்கு 1,460 மணி நேரம். பின்வரும் கணக்குக்கெல்லாம் ஆதாரம் இந்த எண்தான்.

கணக்கு.— 300 அடி நீளமும் 30 அடி அகலமும் உள்ள ஒரு கொட்டகையை எடுத்துக்கொள்வோம். கூண்டு வரிசைகளுக்கிடையே நான்கு நடைபாதைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் பத்தடிக்கு ஒரு விளக்கு வீதம் 30 விளக்குகள். ஆக மொத்தம் 120 விளக்குகள். இவையெல்லாம் பழைய மாதிரி இழைப் பல்புகளாய், ஒவ்வொன்றும் 60 வாட் உள்ளதாக இருந்தால், ஏககாலத்தில் 7,200 வாட் சக்தி செலவாகும். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். ஆகவே நாள் ஒன்றுக்கு 28.8 யூனிட், வருஷத்துக்கு 10,512 யூனிட். யூனிட்டின் விலை இணைப்பின் வகையைப் பொறுத்து மாறும். ஒவ்வொருவரும் தம் பில்லைப் பார்த்துக்கொள்ளவேண்டியது. கணக்கின் வசதிக்காக 7 ரூபாய் என்று வைத்தால் வருஷச் செலவு ரூ. 73,584.

அதே இடத்தில் 9 வாட் எல்.இ.டி. விளக்குகளைப் போட்டால் மொத்தச் சக்தி 1,080 வாட். வருஷத்துக்கு ஏறக்குறைய 1,577 யூனிட், செலவு ரூ. 11,038. மிச்சம் ரூ. 62,546. விளக்கு ஒன்று 100 ரூபாய் என்றால் 120 விளக்குக்கு ரூ. 12,000 முதல் போடவேண்டும். அது எழுபது நாளில் திரும்பி வந்துவிடுகிறது. தூசியும் நீரும் புகாத கூடுள்ள உயர்ந்தரக விளக்கை ஒன்று 300 ரூபாய் வீதம் வாங்கினாலுங்கூட ஏழு மாதத்தில் முதல் கைக்கு வந்துவிடும். இழைப் பல்பின் ஆயுள் சுமார் ஆயிரம் மணி நேரந்தான். ஆதலால் மேற்படி கொட்டகையில் வருஷத்துக்கு நூற்றெழுபதுக்கு மேற்பட்ட பல்புகளை மாற்றவேண்டி வரும். அந்தச் செலவு இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.

இவ்வளவு வித்தியாசத்துக்குக் காரணம் யாதெனில், இழைப் பல்பு உண்மையில் ஓர் அடுப்பு. டங்ஸ்டன் கம்பி பழுக்கக் காய்ந்தால்தான் அதிலிருந்து வெளிச்சம் வரும். உட்கொள்ளும் சக்தியில் நூற்றுக்கு ஐந்து பங்குக்குமேல் அது வெளிச்சமாவதில்லை, மற்றதெல்லாம் உஷ்ணமே. கோடைக்காலத்தில் கொட்டகைக் கூரையின்மேல் தண்ணீர் தெளித்துக் கோழிகளைக் குளிரவைக்கும் பண்ணையில் அந்தக் கூரையின் கீழேயே நூற்றிருபது அடுப்புகளை மூட்டிவைப்பதில் என்ன பிரயோஜனம்? எல்.இ.டி.யில் காயும் கம்பி இல்லை. ஒரு சிறு படிகத்தின் இரண்டு அடுக்குகளுக்கிடையே மின்சாரம் செல்லும்போது அப்படிகமே ஒளிவிடுகிறது. சிவப்பு, பச்சை நிறங்களில் இவை முன்னமே இருந்தன. வீட்டுக்கு ஏற்ற வெள்ளை வெளிச்சத்துக்கு நீல நிறம் தேவையாயிருந்தது. அதை ஜப்பானில் அகாஸாகி, அமானோ, நாகமுரா என்னும் மூவர் கண்டறிந்தனர். அதற்காக 2014-ஆம் வருஷத்துப் பௌதிக நோபல் பரிசு அவர்களுக்கு வழங்கப்பட்டது. இந்தியாவில் மத்திய சர்க்கார் ஸ்தாபனம் ஒன்று விளக்குகளை மொத்தமாய்க் கொள்முதல் செய்ததில், 2014-இல் 310 ரூபாயாயிருந்த ஒரு விளக்கின் கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாயாக இறங்கிற்று. ஆகவே விலை அதிகம் என்ற பழைய ஆட்சேபம் இப்பொழுது நிற்காது.

விளக்கு வாங்குகிறவர் வாட்டை மட்டும் பார்ப்பது வழக்கம். வாட் என்பது விளக்கு தின்னும் அளவு. அது தரும் வெளிச்சத்தின் அளவு லூமென் என்பது. மாட்டின் தரத்தை அது தின்னும் வைக்கோலைக் கொண்டு மதிப்பார் இல்லை. கறக்கும் பாலைக்கொண்டே மதிப்பர். 60 வாட் இழைப் பல்பு ஏறக்குறைய 700 லூமென் தரும். அதாவது வாட்டுக்குப் பன்னிரண்டு. சி.எப்.எல். என்னும் சுருள் குழல் விளக்கு வாட்டுக்கு ஐம்பது முதல் அறுபது வரை தரும். நல்ல எல்.இ.டி. வாட்டுக்கு 100 லூமென் தருகிறது. அட்டைப்பெட்டியின்மேல் இரண்டு எண்களும் அச்சிடப்பட்டிருக்கும். லூமென் அச்சிடாத விளக்கு எவ்வளவு மலிவானாலும் வாங்கத்தக்கதல்ல.

எவ்வளவு வெளிச்சம் போதும்?— இங்கேதான் இன்னும் பெரிய மிச்சம் ஒளிந்திருக்கிறது. பெரும்பாலும் 60 வாட் இருந்த இடத்தில் 9 வாட் போட்டதோடு பண்ணைக்காரர் திருப்தியடைந்து விடுகிறார். ஆனால் அந்த 60 வாட்டே அதிகமாயிருந்ததா என்று கேட்பவர் சிலரே. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமென் விழுந்தால் அது ஒரு லக்ஸ். முட்டைக் கோழிக்குத் தீவனத் தொட்டியின் மட்டத்தில் 10 முதல் 20 லக்ஸ் இருந்தால் போதும். மேற்சொன்ன கொட்டகையின் பரப்பு ஏறக்குறைய 836 சதுர மீட்டர். 9 வாட் விளக்குகள் 120-உம் சேர்ந்து ஒரு லட்சம் லூமெனுக்கு மேல் தரும். பாதிக்கு மேற்பட்ட வெளிச்சம் கூரையிலும் கூண்டுக் கம்பியிலும் தூசியிலும் வீணாகிறது என்று தள்ளினாலுங்கூட, சராசரி நாற்பது ஐம்பது லக்ஸ் நிற்கும். வேண்டியதற்கு இது இரண்டு மூன்று மடங்கு. 5 வாட் விளக்குகளைப் போட்டாற்கூடப் பெரும்பாலான கொட்டகைகளில் குறை ஏற்படாது. அப்போது வருஷத்துக்கு 876 யூனிட்தான் செலவு, ரூபாயில் 6,132.

அதிக வெளிச்சம் வெறும் வீண்செலவு மாத்திரமல்ல. கண்ணைக் கூசும் வெளிச்சத்தில் கோழிகள் அமைதியின்றி ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிடுங்கும். இரத்தம் கண்டால் கொத்துவது மிகும். விளக்கின் நேர் கீழே உள்ள மேலடுக்குக் கூண்டுகளில் இத்தகைய சேதம் மிகுதியாய் இருப்பதைப் பண்ணையாட்கள் கண்டிருப்பர். காரணத்தைத்தான் விளக்கோடு சேர்த்து நினைப்பதில்லை.

இதற்கு எதிரான தவறு கீழடுக்கில் நேர்கிறது. இழைப் பல்பு எல்லாப் பக்கமும் ஒளி வீசும். எல்.இ.டி. பல்பின் கழுத்துப் பாகம் உஷ்ணத்தை வெளியேற்றுவதற்காக மூடப்பட்டிருப்பதால் வெளிச்சம் பெரும்பாலும் முன்னோக்கியே விழுகிறது. அதனால் நடைபாதை பளிச்சென்றும் கூண்டின் உட்பாகம் இருண்டும் போவதுண்டு. பாதையில் நடக்கும் முதலாளிக்கு வெளிச்சம் நிறைவாய்த் தோன்றும். கீழடுக்குக் கோழிக்கோ பொழுது விடிந்திராது. ஆகையால் வெளிச்சத்தை மனிதன் நிற்கும் இடத்தில் அல்ல, கீழடுக்குத் தீவனத் தொட்டியின் அருகே, இரண்டு விளக்குகளுக்கு நடுவில், சூரிய வெளிச்சம் இல்லாத வேளையில் அளக்கவேண்டும். லக்ஸ் அளக்கும் கருவி கைக்கடக்கமானது, விலையும் அதிகமில்லை. அண்டைப் பண்ணைக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் போதும். விளக்குக்கு விளக்கு உள்ள தூரம், விளக்கிலிருந்து கோழியின் மட்டம் வரையில் உள்ள உயரத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேற்படலாகாது என்பது பழைய விதி. இன்றும் அது செல்லும். குறைந்த வாட்டில் நெருக்கமாய்ப் பல விளக்குகள் தொங்குவது, அதிக வாட்டில் தூரந்தூரமாய்ச் சில விளக்குகள் தொங்குவதைவிட மேல்.

எந்த மாறுதலையும் கொட்டகை முழுவதும் ஒரே நாளில் செய்வது சரியல்ல. ஒரு நடைபாதையில் மட்டும் 5 வாட் போட்டு, அளந்து பார்த்து, அவ்வரிசைகளின் முட்டைக் கணக்கை மற்ற வரிசைகளோடு ஒரு மாதம் ஒப்பிட்டுப் பார்த்தபின் மற்றவற்றை மாற்றுவதே விவேகம். சந்தேகம் உள்ளவர்கள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியாரையோ தங்கள் வட்டத்துக் கால்நடை உதவி மருத்துவரையோ கலந்துகொள்ளலாம்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டியில் 2700, 3000, 6500 என்று கெல்வின் எண் போட்டிருக்கும். 6500 நீலம் பாய்ந்த வெள்ளை. 3000-க்கு உட்பட்டது பழைய பல்பைப்போல் மஞ்சள் கலந்தது. மண்டையோட்டைக் கடந்து மூளையைத் தொடுவதில் சிவப்பு ஒளியே வலியது. அச்சிவப்பு மஞ்சள் விளக்கில் அதிகம். எனவே முட்டைக் கோழிக்கு 2700 முதல் 3000 கெல்வின் வரை உள்ளதையே கேட்டு வாங்கவேண்டும். கடைக்காரர் பெரும்பாலும் 6500-ஐயே எடுத்துக் கொடுப்பார்; வீட்டுக்காரர்கள் விரும்பிக் கேட்பது அது.

சுருள் குழல் விளக்கு வைத்திருப்பவர் என்ன செய்வது?— இழைப் பல்பை விட்டுப் பல வருஷங்களுக்கு முன்பே சி.எப்.எல்.லுக்கு மாறியவர்கள் அநேகர். அவர்களுக்குக் கணக்கு வேறு. 15 வாட் சி.எப்.எல். இருக்கும் இடத்தில் 9 வாட் எல்.இ.டி. போட்டால் விளக்குக்கு 6 வாட்தான் மிச்சம். 120 விளக்குக்கும் வருஷத்தில் 1,051 யூனிட், ரூ. 7,358. போட்ட ரூ. 12,000 திரும்புவதற்கு இருபது மாதம் ஆகும். இவர்கள் அவசரப்படவேண்டியதில்லை, பழுதானவற்றை மட்டும் அவ்வப்போது மாற்றிக்கொண்டு வரலாம். ஆனால் 5 வாட் போதுமென்று அளந்து கண்டவர்களுக்கு மிச்சம் ரூ. 12,264 ஆகிறது, முதல் ஒரு வருஷத்துக்குள் திரும்பிவிடும். அவர்கள் ஒரேயடியாய் மாற்றலாம். தீவனக் கிடங்கிலும் மருந்து அறையிலும் தினம் பத்து நிமிஷம் எரியும் விளக்கு எதுவானாலும் சரி, அதை மாற்றி லாபம் காண நெடுங்காலம் செல்லும். விளக்கை மாற்றும் முறை அது எரியும் மணி நேரத்தைப் பார்த்து ஏற்படவேண்டுமேயன்றி, கண்ணில் முதலிற் பட்டதை மாற்றுவதாய் இருக்கக்கூடாது.

இந்த நியாயம் கிராமப் பஞ்சாயத்துத் தெருவிளக்குகளில் நன்கு விளங்கும். தெருவிளக்கு இரவில் 12 மணி நேரம் எரிகிறது. வருஷத்துக்கு 4,380 மணி. 40 வாட் குழல் விளக்கு சோக்குடன் சேர்ந்து ஏறக்குறைய 50 வாட் இழுக்கும். அவ்விடத்தில் 20 வாட் எல்.இ.டி. போட்டால் ஒரு விளக்குக்கு வருஷத்தில் 131 யூனிட் மிச்சம். நூறு விளக்குள்ள பஞ்சாயத்துக்குப் பதின்மூவாயிரம் யூனிட்டுக்கு மேல். பட்டப்பகலில் எரியும் தெருவிளக்கு எந்தத் தொழில்நுட்பத்தாலும் மிச்சம் தராது. காலையில் நிறுத்தும் பொறுப்பை ஒருவரிடம் பேரிட்டு ஒப்படைப்பதோ, நேரங்காட்டி விசை வைப்பதோ பஞ்சாயத்துத் தலைவர்கள் முதலிற் செய்யத்தக்கது.

கொட்டகைக்கும் நேரங்காட்டி விசை அவசியம். ஆள் விழித்துக்கொண்டு விளக்குப் போடும் பண்ணையில் 4 மணி சில நாள் நாலே முக்காலாகும். முட்டையிடும் காலத்தில் பகலின் நீளம் ஒருபோதும் குறையலாகாது என்பதை இது மீறுவதாகும். வளரும் இளங்கோழிக்கு இதற்கு மாறான விதி: பருவம் வருமுன் பகலை நீட்டக்கூடாது, நீட்டினால் உடல் தேறுமுன் முட்டையிடத் தொடங்கிச் சிறுமுட்டையே தரும். ஆகவே இரண்டு கொட்டகைகளையும் ஒரே விசையில் இணைப்பது தவறு. மின்சாரம் தடைப்பட்டால் நின்றுபோகாதபடி உள்ளே சிறு பாட்டரி உள்ள விசையாகப் பார்த்து வாங்குவது நலம். திருட்டுக்கும் பாம்புக்கும் அஞ்சி இரவு முழுவதும் கொட்டகை விளக்குகளை எரியவிடுவாரும் உண்டு. காவலுக்கு வெளியே இரண்டு விளக்கைத் தனி இணைப்பில் வைத்துக்கொண்டு, கோழிகளை இருட்டில் உறங்கவிடுவதே முறை.

தரையில் உமி பரப்பி வளர்க்கும் கொட்டகையில் இரவு 8 மணிக்குத் திடீரென்று எல்லா விளக்கும் அணைந்தால், தங்குபரணுக்கு ஏறாத கோழிகள் இருட்டில் தடுமாறி மூலையில் நெருக்கியடிக்கும். அங்கே இரண்டொரு மங்கலான விளக்குகளை அரைமணி கழித்து அணைக்கும்படி அமைக்கவேண்டும். இல்லையேல் மாலையில் விளக்கே வையாமல் விடியற்காலையிலேயே முழு நேரத்தையும் கூட்டிக்கொள்ளவேண்டும்.

சுமை குறைவதனால் வரும் ஒரு நன்மையைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. 7,200 வாட்டுக்கு ஜெனரேட்டர் இல்லாமல் தீராது. 600 வாட்டுக்கோ வீட்டுக்கு வைக்கும் இன்வர்ட்டர் போதும். மாலை 6 முதல் 8 வரை மின்சாரம் போனாலும் கோழிக்குப் பகல் குறையாது. டீசல் செலவும் இல்லை. பழைய கம்பிகள் சூடேறித் தீப்பற்றும் பயமும் தணிகிறது. பம்புசெட்டுக்கென்று இலவசமாய்க் கொடுக்கப்படும் மின்சாரத்திலிருந்து கொட்டகைக்குக் கம்பி இழுப்பது குற்றம் என்பதை இவ்விடத்தில் நினைவூட்டுவது மிகையாகாது. இவ்வளவு குறைந்த செலவுக்காக அந்த அபாயத்தில் இறங்குவது அறிவீனமுங்கூட.

பெட்டியில் 25,000 மணி நேர ஆயுள் என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பவேண்டாம். அது படிகத்தின் ஆயுள். விளக்கின் அடியில் உள்ள சிறு மின்சாதனம் அதற்கு முன்பே கெட்டுவிடும். எருவிலிருந்து எழும் அம்மோனியா, தீவனத் தூசி, கூரையின் உஷ்ணம், மின்னழுத்தத்தின் ஏற்றத்தாழ்வு ஆகியவை அதற்குப் பகை. ஐந்து வருஷம் என்று கணக்கு வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது. வாங்கும்போது ரசீதும் உத்தரவாதச் சீட்டும் கேட்டுப் பெற்று, பொருத்திய தேதியை விளக்கின் கழுத்திலேயே எழுதிவிடவேண்டும். உத்தரவாத காலத்தில் கெட்டவற்றை இலவசமாய் மாற்றிக்கொள்வதற்கு இதைவிட எளிய வழியில்லை. வாரத்துக்கு ஒருமுறை, விளக்கு அணைந்திருக்கும்போது, உலர்ந்த துணியால் ஒவ்வொன்றையும் துடைக்கவேண்டும். தூசி படிந்த விளக்கு வெளிச்சத்தைக் குறைக்குமேயன்றி மின்சாரத்தைக் குறைப்பதில்லை.

கழற்றிய சி.எப்.எல்., குழல் விளக்குகளுள் பாதரசம் இருக்கிறது. அளவு சிறிதாயினும், அவற்றை உடைத்து எருக்குழியில் எறிந்தால் அது எருவோடு நிலத்துக்குச் செல்லும். அவற்றை உடையாமல் பழைய பெட்டிகளிலேயே அடுக்கிக் குழந்தைகள் எட்டாத இடத்தில் வைத்திருந்து, மின்னணுக் கழிவுகளைப் பெற்றுக்கொள்ள அனுமதி பெற்றவர்களிடம் ஒப்படைக்கவேண்டும். ஒன்று கொட்டகையில் உடைந்துவிட்டால், பக்கத்துப் படுதாக்களை உயர்த்திக் காற்றோட்டமாய் விட்டு, துடைப்பத்தால் கூட்டாமல் தடித்த காகிதத்தால் துண்டுகளை வாரி மூடியுள்ள டப்பாவில் இடவேண்டும். தொட்டியில் விழுந்திருந்தால் அந்தத் தீவனத்தையும் அதனுடனேயே அப்புறப்படுத்த வேண்டியது.